பதில்: 2008 நெருக்கடியில் பேங்க் இஸ்லாமின் இசட்-ஸ்கோர் ஏன் இவ்வளவு கீழே?

இசட்-ஸ்கோர் என்பது ஒரு வங்கி நொடிந்துபோகும் நிலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் காட்டும் எண்; குறைந்தால் அபாயம் கூடுதல். உங்கள் சூத்திரம் சரி, எடுத்த கால அளவுதான் சிக்கல். 2005 முதல் 2010 வரை எடுத்ததில் மலேசியாவின் இஸ்லாமிய வங்கியான பேங்க் இஸ்லாம், அங்குள்ள வழக்கமான வங்கியான மேபேங்கைவிட வெகுவாகத் தாழ்ந்து நிற்கிறது என்றீர்கள். பேங்க் இஸ்லாம் 2005, 2006 நிதியாண்டுகளில் வாராக்கடன் ஒதுக்கீட்டால் பெரும் நட்டம் கண்டது. உலக நெருக்கடி வருவதற்கு முந்தைய கதை அது. இசட்-ஸ்கோரில் வகுக்கும் எண் சொத்து மீதான வருவாயின் திட்ட விலக்கம், அதாவது அந்த வருவாய் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு; அந்த இரண்டு ஆண்டுகள் அதை ஊதிவிட, நல்ல ஆண்டுகளும் சேர்ந்து அடிவாங்குகின்றன.

2007-லிருந்து காலாண்டுக் கணக்குகளை எடுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். ஆண்டுக் கணக்கில் நான்கே புள்ளிகள்தான் தேறும், அதை நம்ப முடியாது.

இன்னொன்று, இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்: அப்போது இரு வங்கிகளுக்கும் நிதியாண்டு ஜூன் 30-ல் முடிந்தது. நெருக்கடியை உச்சத்துக்குக் கொண்டுபோன அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்தது 2008 செப்டம்பரில். ஆக, அதன் தாக்கத்தை 2009 நிதியாண்டில் தேட வேண்டும்.

மேபேங்க் அறிக்கையில் 'குழுமம்' என்ற பத்தியை எடுக்காதீர்கள், 'வங்கி' பத்தியை எடுங்கள். குழுமக் கணக்குக்குள் அதன் இஸ்லாமியத் துணை வங்கியான மேபேங்க் இஸ்லாமிக்கும் அடங்கும். அது தனி வங்கியாகத் தொடங்கியது 2008 ஜனவரி 1-ல். அதனால் 'வங்கி' பத்தியில் அந்த ஆண்டு தெரியும் மாற்றத்தில் ஒரு பகுதி, இஸ்லாமிய வணிகம் துணை வங்கிக்குப் போனதால் வந்த வெறும் இடமாற்றம்.

இரண்டு வங்கிகளை வைத்து இஸ்லாமிய வங்கித் துறைக்கே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வளைகுடா இஸ்லாமிய வங்கிகளுக்கு நிலம், கட்டடங்களில் முடங்கிய நிதி 2009-ல்தான் வலித்தது.