கார்த்திகை முடியட்டும்

அன்புள்ள அக்கா,

எட்டு வருஷமாகத் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இப்போது நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு புதிய மனைப்பிரிவில் 42 லட்சத்துக்குத் தனி வீடு பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். ஆவணியில் சாவி தருவதாகச் சொல்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் புரட்டாசியோடு முடிகிறது. காலி செய்வதென்றால் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். இப்போதே சொல்லிவிடவா? அந்தச் சாவி வாங்கும் அன்றே இந்தச் சாவியைக் கொடுத்துவிட நினைக்கிறேன். வாடகை 9,000, அதற்குமேல் கடன் தவணை என்று இரண்டையும் கட்டினால் வாடகைப் பணம் தண்டம்தானே? பையன் இரண்டாம் வகுப்பு. நடுவில் பள்ளி மாற்றலாமா? வட்டி இன்னும் குறையும் என்கிறார்கள், பொறுக்கலாமா? ஆடியில் வீட்டுப் பேச்சே எடுக்காதே என்கிறார் அம்மா.

ஒரு வாசகர், கடலூர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட எட்டு வருஷம் அனுமதி கேட்டு வாழ்ந்த குடும்பத்துக்குச் சொந்தமாக நாலு சுவர் அமைவது சின்ன விஷயம் இல்லை. உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெல்லிக்குப்பம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், நெல்லும் கரும்பும் நின்ற நிலத்தில் எழும்பியிருக்கும் மனைப்பிரிவு வளைவுகளைப் பார்த்து, இங்கே வீடு வாங்குகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னக் கேள்விகளை முடித்துவிடுவோம். வட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி விகிதத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. நாளைக்குக் குறைந்தால் உங்கள் கடனுக்கும் குறையும். பள்ளியை வருஷ நடுவில் மாற்றாதீர்கள், பரீட்சை முடியும்வரை வேனில் போய்வரட்டும். ஆடி விஷயத்தில் அம்மா சொல்வதைக் கேளுங்கள். அவர் மனம் நிறைந்து பால் பொங்குவதைவிட உங்கள் அவசரம் பெரிதில்லை.

எனக்குக் கோபம் வந்தது அந்தத் தண்டக் கணக்கைப் படித்தபோதுதான். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 42 லட்சத்துக்கே பதிந்தால் 3 லட்சத்து 78 ஆயிரம் ரூபாய். அதை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது, கையிலிருந்துதான் போகும். கடன் 30 லட்சத்தைத் தாண்டினால் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரவும் மாட்டார்கள். அந்த மிச்சத்துக்கு நகையை வைத்தீர்களோ, சீட்டை எடுத்தீர்களோ, கடிதத்தில் அதைப் பற்றி ஒரு புலம்பல் இல்லை. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மூன்று மாத வாடகை 27,000 ரூபாய் மட்டும் உங்களுக்குத் தண்டமாகத் தெரிகிறது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழலாமா?

கடலூரில் ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அந்த மாதங்களில்தான் தெரியும், தம்பி. சித்திரை வெயிலில் எந்த வீடும் நல்ல வீடுதான். நமக்கு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை தருவது. உங்கள் மனைக்கு வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். 2024 டிசம்பர் அதற்குள் மறந்துவிட்டதா? ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட, தென்பெண்ணைக் கரையோரத்தில் ஆறு வீடுகளுக்குள் வந்தது. திருவண்ணாமலைப் பக்கம் பெய்யும் மழையும் நம் வாசலுக்கு வரும்.

வெள்ளம் வந்தால்தான் தொல்லை என்றும் இல்லை. இரண்டு நாள் அடைமழை போதும். நிலத்தடி நீர் மேலே ஏறினால் செப்டிக் டேங்க் கழிவுநீரை மண் உறிஞ்சாது, கழிப்பறையில் ஊற்றுகிற தண்ணீர் இறங்காமல் எதிர்த்துக்கொண்டு வரும். சாலையை ஒவ்வொரு முறையும் உயர்த்திப் போட்டுவிட்டால் உங்கள் வாசல் பள்ளமாகிவிடும். ஜன்னல் சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் ஓதம் இறங்கும். சாமான் இல்லாத வீட்டில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பீரோவை ஒட்டி வைத்த சுவரில் பூஞ்சை வாசம் வரும்வரை தெரியாது. காலி வீடு என்றால் கொத்தனாரும் வந்து உடைத்துப் பூசிவிட்டுப் போவார். குடிபுகுந்த பிறகு கூப்பிட்டுப் பாருங்கள். ரெராவில், அதாவது வீட்டுமனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையத்தில், பதிவான திட்டமாக இருந்தால், சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டியவர்கள் தங்கள் செலவில் சரிசெய்து தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

அப்பா வீடு வாங்கியபோது நான் எட்டாம் வகுப்பு. மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆயா வீட்டில் குடியிருந்தோம். ஐப்பசியில் கிரகப்பிரவேசம், அன்று சாயங்காலமே வண்டியில் சாமானை ஏற்றிவிட்டு அப்பா சாவியை நீட்டினார். "பொங்கல் வரைக்கும் சாவி உங்கிட்டயே இருக்கட்டும்பா, நான் யாருக்கும் விடலை" என்றார் ஆயா. இனி வாடகை என்ற பேச்சே காதில் விழக்கூடாது என்றிருந்தார் அப்பா, கொடுத்துவிட்டு வந்தார். கார்த்திகையில் அடைமழை பிடித்தது. மனை போடுவதற்காக மண்ணடித்து மூடியிருந்த வாய்க்கால் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவில் தேங்கி, ராத்திரியில் கூடத்துக்குள் வந்தது. அம்மா பத்திரத்தை உரச்சாக்கில் சுருட்டிப் பரண்மேல் வைத்தாள். அரிசி, என் புத்தகங்கள், பாய், தலையணை எல்லாம் ஊறிப்போயின. அப்பா தங்கையைத் தோளில் தூக்கிக்கொள்ள, தண்ணீருக்குள் நடந்து மஞ்சக்குப்பம் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பகுதிக்கு அதற்குள் வேறு குடும்பம் வந்திருந்தது. ஆயா ஒன்றும் கேட்காமல் தன் கூடத்தில் பாய் விரித்தார். தை பிறக்கும்வரை அங்கேதான் எங்களுக்குச் சோறும் தூக்கமும். அதுவரை "வீட்டுக்காரி" என்று மட்டுமே சொல்லிவந்த அப்பா, அதற்குப் பிறகு அவரை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் கடுமையாக எழுதியிருந்த இரண்டு வரிகளைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். எட்டு வருஷத்தில் ஒரே முறைதான் வாடகை ஏற்றினார் என்றும் நீங்களேதான் எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்டவரை ஏசிவிட்டு வெளியேற எப்படி மனம் வருகிறது? சொந்த வீடு வந்தவுடன் வாடகைக்கு இருந்த வருஷங்களைச் சிறைவாசம் போலப் பேசுகிறார்கள். உங்கள் பையன் அந்தக் கூடத்தில்தானே தவழ்ந்திருப்பான்.

நோட்டீஸ் இப்போது கொடுக்காதீர்கள். ஆவணி என்று சொன்னவர் கையில் மின் இணைப்பு வந்துவிட்டதா, வங்கியின் கடைசித் தவணை விடுவித்தாயிற்றா? ஒன்று பிந்தினாலும் உங்கள் கட்டில் தெருவில் நிற்கும். வீட்டுக்காரரிடம் நேரில் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். புரட்டாசிக்குப் பிறகு இரண்டு மாதம் நீட்டித்துத் தரக் கேளுங்கள். எட்டு வருஷப் பழக்கம் என்று வாய்ப்பேச்சில் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். 2017ஆம் வருஷ வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைத்தான் கேட்கிறது.

ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சுங்கள், அன்று ராத்திரி எல்லோரும் அங்கே படுத்து எழுந்து வாருங்கள். சாமான் போக வேண்டாம். பக்கத்துத் தெரு டீக்கடையில், 2024 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டு வையுங்கள். ஐப்பசியில் முதல் அடைமழை பிடித்ததும் ராத்திரி ஒருமுறை, விடிந்து ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பாருங்கள். கழிப்பறையில் ரெண்டு வாளி ஊற்றிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மார்கழி பிறப்பதற்குள் லாரிக்குச் சொல்லிவிடுங்கள். கோளாறு ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்து, தேதி போட்டு, கட்டியவருக்கு அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா