நீட் மூன்றாம் முறை வேண்டாம், செராமிக் படிக்கட்டும்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

நீட் இரண்டு முறை எழுதியும் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் ஆறுதல் மட்டும் சொல்லி முடிக்க மாட்டேன். வளைகுடாவில் இருக்கும் உங்கள் தம்பி சொல்வதைக் கேட்டு, நகையை விற்று வெளிநாட்டு எம்பிபிஎஸ்ஸில் சேர்ப்பது தவறு. அங்கே முடித்து வந்தாலும், இங்கே 300 மதிப்பெண் தகுதித் தேர்வில் 150 எடுத்தால்தான் மருத்துவராகப் பதிய முடியும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைக் கைமாற்றில் ஓட்டும் குடும்பம் அந்தச் செலவைச் சுமக்கக் கூடாது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பிளஸ் டூ செய்முறையில் உப்புப் பகுப்பாய்வு என்றால் மகளுக்குச் சாப்பாடே வேண்டாமாம். எந்த உப்பில் மெக்னீசியம், எதில் துத்தநாகம் என்று கண்டுபிடிக்கும் அந்த ஆர்வத்துக்கு ஒரு படிப்பு இருக்கிறது. கம்ப்யூட்டர், நர்சிங் எல்லாம் ஊரே சொல்லும், விடுங்கள். நான் சொல்வது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) உள்ள பி.டெக் செராமிக் டெக்னாலஜி.

செராமிக் என்றால் டைல்ஸ் மட்டும் இல்லை. எலும்புக் குழியை அடைக்க கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் என்று ஒன்று உண்டு. 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ என்ற இருவர் கண்டறிந்தது. பொடியைத் திரவத்தில் குழைத்து ஊசியில் ஏற்றிக் குழியில் நிரப்பினால், உடல் வெப்பத்திலேயே இறுகி, எலும்பில் இருக்கும் தாதுவைப் போன்ற ஹைட்ராக்சிஅபடைட்டாக மாறும். எலும்பு அறுவை சிகிச்சையில் போடும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வகைச் சிமெண்ட் போலச் சூடேறாது. ஆனால் நொறுங்கும் தன்மை உண்டு. உடல் பாரம் முழுதும் விழும் இடத்தில் இதை மட்டும் நம்ப முடியாது.

இதில் உலோக அயனிகளைச் சிறிதளவு சேர்த்தால் குணமே மாறுகிறது. மெக்னீசியம் சேர்ந்தால் அந்த ஹைட்ராக்சிஅபடைட் படிகம் வளர்வது தடைபட்டு, இறுகுவது தாமதமாகும். இறுகும் நேரம்தான் அறுவை சிகிச்சையில் உயிர்நாடி: சீக்கிரம் இறுகினால் ஊசியிலேயே கட்டிக்கொள்ளும், பிந்தினால் ரத்தம் அரித்துக்கொண்டு போய்விடும். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைவிடக் கனமானது என்பதால் எக்ஸ்ரேயில் சிமெண்ட் பளிச்சென்று தெரியும். எலும்பு வளர்க்கும் செல்களைத் தூண்டி, எலும்பைக் கரைக்கும் செல்களை அது அடக்கவும் செய்யும். துத்தநாகம் கிருமியைத் தடுக்கும், அளவு மீறினால் நம் செல்களையே கொல்லும். எதை, எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பதும் இதே மெக்னீசியம்தான். உங்கள் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக்கூட ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் கால்சியம் பாஸ்பேட் சிமெண்டையே உருவாக்கினார்கள்.

பி.டெக் முடித்த கையோடு இந்த வேலை கிடைத்துவிடாது. முதலில் வருபவை பெரும்பாலும் டைல்ஸ், கண்ணாடி, உலைச் செங்கல் நிறுவன வேலைகள்தான். எலும்பு சிமெண்ட் வரை போக எம்.டெக், ஆராய்ச்சி என்று வருடங்கள் ஆகும். ஆனால் கேட் (GATE) என்ற நுழைவுத் தேர்வில் தேறி எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. வீட்டுப் பணம் கரையாது.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கணக்குப் பாடம் உள்ள குரூப் படித்தவள் என்பதால் தகுதி இருக்கிறது. கட்-ஆஃப் 200க்கு எவ்வளவு என்று முதலில் போட்டுப் பாருங்கள். இடம் கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி வேதியியல், அப்புறம் எம்.எஸ்சி என்று போனாலும் இதே துறைக்குள் வரலாம்.

இந்த வாரமே மகளைப் பொறியியல் கலந்தாய்வுச் சேவை மையத்துக்கு அழைத்துப் போங்கள். விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும், மாமா சொல்லச் சொல்ல வேண்டாம். இதைக் கேட்டபிறகும் அவளுக்கு இது பிடிக்கவில்லை என்றால் நான் சொன்னதையும் விட்டுவிடுங்கள். நகையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விற்காதீர்கள்.