விடிகாலையில் மீன்கள் ஏன் மேலே வருகின்றன?

"தொட்டியில் செடிகள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் விடிந்ததும் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறக்கின்றன. மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது. சத்தம் தாங்காமல் காற்று மோட்டாரை ராத்திரியில் நிறுத்திவிடுவேன். இது நோயா, பசியா?" – ஒரு வாசகர்.

இரண்டும் இல்லை, மூச்சுத் திணறல். நிறுத்தக்கூடாத நேரம் பார்த்து மோட்டாரை நிறுத்துகிறீர்கள்.

வெளிச்சம் இருக்கும்வரைதான் செடி ஆக்சிஜன் தரும். விளக்கணைந்ததும் அதுவும் மீனோடு பங்குக்கு வந்துவிடும். அடியில் மிஞ்சிய தீனியை அழுகவைக்கும் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். இருப்போ சொற்பம்: 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 270 மில்லிகிராம். நீர் சூடேறினால் அந்த எட்டும் குறையும்.

இவ்வளவு கொஞ்சத்தில் மீன் பிழைப்பதே செவுளின் சாமர்த்தியம். செவுள் மூடிக்குள் சீப்புப் பற்கள்போல் சிவந்த இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் ரத்தம் ஒரு திசையில் ஓட, நீர் எதிர்த்திசையில் உரசிப் போகும். ஆக்சிஜனை இழந்துகொண்டே வரும் நீர், தன்னைவிட ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தையே கடைசிவரை சந்திக்கிறது. அதனால் வழிநெடுக ஆக்சிஜன் உள்ளே போகும். நீரிலுள்ளதில் 80 சதவீதம் வரைகூட மீன் எடுத்துவிடும். நம் நுரையீரல் எடுப்பது சுமார் கால்வாசிதான். ஆனால் நீரிலேயே இல்லாதபோது செவுள் என்ன செய்யும்? காற்றைத் தொடும் மேல்படலத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும், அதைத் தேடித்தான் மேலே வருகின்றன. (ஃபைட்டர், கௌராமி மீன்கள் காற்றையே விழுங்கி மூச்சுவிடுபவை. அவை மேலே வந்தால் பயப்படாதீர்கள்.)

மோட்டார் விடும் குமிழியே நீரில் கரைந்து ஆக்சிஜன் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பங்கு சிறிது. அடிநீரை மேலே தூக்கி, மேற்பரப்பைக் கலக்கிவிடுவதே அதன் முக்கிய வேலை. அசையாத நீரில் ஆக்சிஜன் தானாக அடிவரை இறங்குவது மகா மந்தம்.

ஆகவே மோட்டார் ராத்திரி ஓடட்டும். மடித்த ஸ்பாஞ்சின்மேல் வைத்தால் சத்தம் பாதியாவது அடங்கும். தொட்டிக்கு வெளியே, நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக வைப்பதானால் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம், இல்லையென்றால் கரண்ட் போனதும் நீர் மோட்டாருக்குள் இறங்கிவிடும். ஃபில்டர் இருந்தால் அதன் வாயை மேற்பரப்பு சலசலக்கும்படி திருப்பிவிட்டாலே போதும். சாயங்காலத் தீனியையும் குறையுங்கள்.

அப்படியும் பட்டப்பகலில் திணறினால் செவுளின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் நைட்ரைட் (மீன் கழிவிலிருந்து நீரில் உருவாகும் நச்சு) கூடியிருக்கலாம்; அது ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். நீரைச் சோதித்து, குளோரின் நீக்கிய நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள்.