பப்பாசிப் பால் முகத்துக்கு வேண்டாம்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வறண்ட கச்சான் காற்று தொடங்கியதும் முகத்தில் தோல் செதில் செதிலாகக் கிளம்புகிறது. பப்பாசிக்காய்ப் பாலைப் பூசினால் செத்த தோல் கழன்றுவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். முடி வளர நொதியக் குளிசையும் விற்கிறார்கள். செய்து பார்க்கலாமா?"

குளிசைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். விழுங்கும் நொதியமும், அதாவது என்சைமும், ஒரு புரதம்தான். பெரும்பாலும் அதுவே வயிற்றிலும் குடலிலும் சமித்துப் போகும். காசை மிச்சம் பிடியுங்கள்.

பப்பாசிப் பால் வேறு விசயம். இறைச்சி மெத்தென்று வேகக் காய்த்துண்டு போடுகிறோமே, அந்த வேலையைச் செய்யும், புரதத்தை வெட்டும் பப்பேன் என்ற நொதியம் இதில் செறிவாக இருக்கிறது. செத்த தோல் எது, உயிருள்ள தோல் எது என்று அதற்குத் தெரியாது.

உங்கள் தோலிடமே புரதத்தை வெட்டும் நொதியங்கள் இருக்கின்றன. மேல்தோலின் அடியில் பிறக்கும் கலம் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். மேலே செத்த கலங்களைப் பிணைத்திருக்கும் புரத முடிச்சுகளை, உதிரும் தருணத்தில், கல்லிக்ரீன் 5, 7 போன்ற நொதியங்கள் வெட்டிவிடும். அவை அளவு மீறாமல் லெக்டி என்ற புரதம் கடிவாளம் பிடிக்கிறது. பிறவியிலேயே லெக்டி சரியாக இல்லாத நெதர்ட்டன் நோயில் தோல் சிவந்து உரியும், முடி மூங்கில் கணுப்போல் முடிச்சிட்டு முறியும். மறுபக்கம், மேட்ரிப்டேஸ் என்ற நொதியம் பழுதானால் தோல் வறண்டு செதிலாகும், முடியும் அடர்த்தி குறையும். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

சரி, உங்கள் செதிலுக்கு என்ன செய்வது? தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, பீஎச் 5 அளவில். கட்டிச் சவர்க்காரம் பெரும்பாலும் 9, 10, அதாவது காரத்தன்மை உடையது. அதைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கல்லிக்ரீன்கள் தேவைக்கு மேல் சுறுசுறுப்பாகின்றன. அதனால் முகத்துக்குச் சவர்க்காரத்தை நிறுத்துங்கள், வாசனையில்லாத, மென்மையான முகங்கழுவும் திரவம் போதும். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் காயுமுன் கிறீம் பூசுங்கள். கச்சான் ஓயும் வரை இது தேவைப்படும்.

புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சள் நிறச் செதில் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் அது வெறும் வறட்சியாக இராது, தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். இறப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பப்பாசிப் பாலும் ஒவ்வாமை தரக்கூடும். ஏற்கெனவே பூசிவிட்டீர்கள் என்றால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குக் கிளம்புங்கள். பழுத்த பப்பாசியில் அந்த நொதியம் மிகக் குறைவு, ஒவ்வாமை இல்லாதவர்கள் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.