மருந்துத் துறையும் இணையத் தாக்குதலும்: கொழும்பிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (மாணவி, கொட்டாஞ்சேனை): அண்ணா, மருந்துக் கொம்பனியை ஹக் பண்ணுறவைக்கு என்ன கிடைக்கும்? ஃபோர்மியூலாவோ?

பதில்: ஃபோர்மியூலாவும் திருடப்படுகிறதுதான். ஆனால் பெருஞ்சேதம் தயாரிப்பு நிற்பதால் வருகிறது. 2017 ஜூன் 27 இல் நொட்பெட்யா என்ற நச்சு நிரல், உக்ரைனில் பாவிக்கப்பட்ட ஒரு வரிக் கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் புகுந்து, அமெரிக்காவின் மெர்க் கொம்பனியை முடக்கியது. மெர்க் தயாரிக்கும் கார்டசில் (எச்.பி.வி.) தடுப்பூசியை அமெரிக்க அரசின் கையிருப்பிலிருந்து கடனாக எடுக்கும் நிலை வந்தது. நொட்பெட்யா பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வெளிவந்திருந்தது. திருத்தம் போட்ட கணினிகளும் தப்பவில்லை. ஒரு கணினியின் நினைவகத்தில் கிடந்த அட்மின் கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்ததுக்குத் தாவியது. எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி (தரக் கட்டுப்பாட்டு ஆய்வுகூடம், இரத்மலானை): எச்.பி.எல்.சி. கருவியோடு (மருந்தின் கூறுகளைப் பிரித்து அளப்பது) இருக்கும் கணினி விண்டோஸ் 7. அப்டேட் செய்தால் வலிடேஷன் (கருவி சரியாக வேலை செய்கிறது என்று நிரூபிக்கும் சோதனை) முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும் என்று சப்ளையர் சொல்கிறார். அப்படியே விடலாமா?

பதில்: அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் விண்டோஸ் 7 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் முடிந்துவிட்டன. புதுக் கணினிக்கு பட்ஜெட் கேளுங்கள். அதுவரை இதைத் தனிமைப்படுத்துங்கள். தனி வீலானில் (வலையமைப்பின் பிரிக்கப்பட்ட பகுதி) போட்டு, தரவு சேர்வருடன் மட்டும் பேச ஃபயர்வோலில் அனுமதியுங்கள். இணையம், மின்னஞ்சல் இரண்டும் வேண்டாம். கோப்புப் பகிர்வுக்கான பழைய முறையான எஸ்.எம்.பி. பதிப்பு 1 ஐ நிறுத்துங்கள். ஆனால் பழைய நாஸ் பெட்டியில் (வலையமைப்புச் சேமிப்புக் கருவி) தரவு சேமித்தால் அது வேலை செய்யாமல் போகும், முதலில் சோதியுங்கள். யூ.எஸ்.பி. போர்ட்டை அடைத்துவிடுங்கள். சேர்விஸ் இஞ்சினியர் விட்டுப்போன எனிடெஸ்க்கை (தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்) அகற்றி, தேவையான நேரத்தில் மட்டும் திறந்துகொடுங்கள். எல்லாம் சேஞ்ச் கொன்ட்ரோல் (மாற்றங்களை அனுமதி பெற்றுப் பதிவது) பதிவோடு நடக்கட்டும்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது, ஆய்வுகூடம் முழுக்க ஒரே லொகின் பாவிக்கும் வழக்கம். அந்த லொகினுக்கு அட்மின் உரிமையும் இருந்தால், பகுப்பாய்வாளரே குரோமட்டோகிராமை (எச்.பி.எல்.சி. தரும் முடிவு வரைபு) அழிக்கலாம், கணினி நேரத்தைப் பின்தள்ளலாம். அதன்பின் ஓடிட் ட்ரெயிலை (யார், எப்போது, என்ன செய்தார் என்ற பதிவு) யார் நம்புவது? ஆளுக்கொரு லொகின் கொடுங்கள். அட்மின் உரிமை ஐ.ரி. பிரிவிடம் இருக்கட்டும். தனிமைப்படுத்திய கணினியின் கடிகாரம் மெல்ல மெல்லப் பிசகும். ஃபயர்வோலில் அதற்கும் அனுமதி கொடுத்து, உள் நேர சேர்வர் ஒன்றோடு இணையுங்கள்.

கேள்வி (இறக்குமதியாளர், புறக்கோட்டை): இந்திய சப்ளையர் வங்கிக் கணக்கை மாத்திட்டதாக மெயில் போட்டிருக்கிறார். மெயில் முகவரி சரியாத்தான் இருக்கு. பணம் அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். அவருடைய மெயில் பெட்டியே களவு போயிருந்தால் முகவரி சரியாகத்தான் இருக்கும். பழைய ஒப்பந்தத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து, வழமையாகப் பேசும் ஆளிடம் கேளுங்கள். மெயிலில் உள்ள இலக்கம் வேண்டாம். உங்கள் மெயில் பெட்டியில் நீங்கள் போடாத ஃபோர்வர்ட் விதி (மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்புவது) இருக்கிறதா என்றும் பாருங்கள். பணம் போய்விட்டதென்றால் அந்த நிமிடமே வங்கியை அழைத்து மீளப்பெறக் கோருங்கள். அடுத்து பொலிஸ், இணையத் தாக்குதல்களைக் கையாளும் இலங்கை சேர்ட் (தொலைபேசி 101).

கேள்வி (பார்மசி, வெள்ளவத்தை): ஃபிரிஜ் வெப்பநிலை வைஃபை லொகரில் (தானாகப் பதியும் கருவி) வருகிறது. அது போதுமா?

பதில்: போதாது. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றி, வாடிக்கையாளர் வைஃபையிலிருந்து பிரியுங்கள். வலையமைப்பே இல்லாத உச்ச-தாழ் வெப்பமானி ஒன்றையும் வைத்து, நாளுக்கு இருமுறை எழுதுங்கள். 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய இன்சுலின் உறைந்து உருகினால் பாவிக்க உதவாது, ஆனால் கண்ணுக்கு நல்லதாகவே தெரியலாம்.

கேள்வி (ஐ.ரி. பொறுப்பாளர், ஹோமாகம): தரவெல்லாம் கிளவுட்டில். தனியாக பெக்கப் வேண்டுமா சேர்?

பதில்: கட்டாயம். 2021 இல் நமது தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச கிளவுட்டிலிருந்து அழிந்தன. 2023 இல் அதே கிளவுட்டை ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல்) தாக்கியபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் பெக்கப் இன்றிப் போயின.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில். குறைந்தது ஒரு பிரதி வலையமைப்பில் இணையாமல் இருக்க வேண்டும். டொமைனில் (எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேர்த்த பெக்கப் சேர்வரும் மற்றவற்றோடு சேர்ந்தே பூட்டப்படும். காலாண்டுக்கொரு தடவை ஒரு பெட்ச் (ஒரு தடவையில் தயாரித்த மருந்துத் தொகுதி) பதிவையும் அதன் குரோமட்டோகிராமையும் வேறொரு கணினியில் மீட்டு, அதே மென்பொருளில் திறந்து பாருங்கள். பீ.டீ.எஃப். மட்டும் இருந்தால் ஓடிட் ட்ரெயில் இல்லை. மென்பொருளின் இன்ஸ்டோலரையும் லைசன்ஸ் டொங்கிளையும் (மென்பொருளைத் திறக்கும் யூ.எஸ்.பி. சாவி) பத்திரப்படுத்துங்கள். பெட்ச் பதிவு காலாவதித் திகதிக்குப் பின் குறைந்தது ஓராண்டு வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாண்டு மருந்துக்கு நான்காண்டு.

கேள்வி (அதே ஆள்): ரான்சம்வெயாரால் பூட்டப்பட்டுவிட்டால் முதல் ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்வது?

பதில்: வலையமைப்பு வயரைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். கணினியை அணைக்க வேண்டாம். நினைவகத்தில் தடயம் இருக்கும். பெக்கப் டிஸ்க்கை அவசரத்தில் செருகாதீர்கள், அதுவும் போய்விடும். வெளியிடத் தயாரான பெட்ச்களைத் தடுத்துவைத்து, தர உறுதிப் பிரிவிடம் டீவியேஷன் (வழமையிலிருந்து விலகியதற்கான பதிவு) திறக்கச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்ச்சுக்கு, இலக்கமிட்டு முன்கூட்டியே அச்சடித்த வெற்றுப் பதிவுத் தாள்கள் வேண்டும். அவற்றை இந்த வாரமே அச்சடித்து அலுமாரியில் வையுங்கள். அன்றைக்கு பிரின்டரும் வேலை செய்யாது.