சென்னிமலையில் தாலி கட்டினால் விசா கிடைக்குமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். துபாயில் வேலை பார்த்தபோது பழகிய பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கல்யாணம் செய்யப்போகிறேன். அவர் கிறிஸ்தவர். டூரிஸ்ட் விசாவில் வருகிறார், 90 நாள் தங்கலாம். சென்னிமலை முருகன் கோயிலில் தாலி கட்டச் சொல்கிறார்கள் வீட்டில். அதன்பிறகு அவர் இங்கேயே தங்கிவிடலாமா? அப்பா தோட்டத்தில் கொஞ்சம் அவர் பேருக்கு எழுதவும் நினைக்கிறார்.

பதில்: கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீர் முதல் எல்லாச் சீரும் செய்து தாலி கட்டுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். உங்கள் இருவருக்கும் ஏற்ற வழி 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்.

இதில்தான் பலர் நாள் கணக்கைத் தவறவிடுகிறார்கள். தாலி கட்டிவிட்டுப் பிறகு பதிவுக்குப் போனால், அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவு இருவருமே அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேல் ஆட்சேபத்துக்கு இன்னொரு 30 நாள். 90-ல் 60 போய்விட்டது. நேராக 5-வது பிரிவில் நோட்டீஸ் கொடுத்தால் ஒருவர் 30 நாள் குடியிருந்தால் போதும். நீங்கள்தான் அங்கேயே இருக்கிறீர்களே. அவர் வந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் கொடுங்கள். 30 நாள் கழிந்ததும் மூன்று சாட்சிகளோடு போனால் சான்றிதழ் கையில். முகூர்த்தத்தை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். பங்காளி யாராவது பார்த்துவிட்டுப் போய் ஆட்சேபம் கொடுத்தால்? சாதி பிடிக்கவில்லை, மதம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் சட்டப்படி ஆட்சேபமே அல்ல. ஏற்கெனவே உயிரோடு கணவனோ மனைவியோ இருப்பது, வயது போதாதது, மனநலம், தடுக்கப்பட்ட உறவுமுறை ஆகியவைதான் கணக்கு. அந்தப் பெண் மணமாகாதவர் என்ற சான்றை பிலிப்பைன்ஸிலிருந்தே, ஆவணம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையோடு வாங்கி வரச் சொல்லுங்கள். அதற்காக இங்கிருந்து அலைந்தால் நாள் போய்விடும்.

சரி, விசா. கல்யாணம் ஆனதும் தங்கும் உரிமை தானாக வந்துவிடாது. இந்தியரின் மனைவிக்கு உரியது எக்ஸ்-2 என்ற நுழைவு விசா. டூரிஸ்ட் விசாவின் காலம் முடியும் முன்பே, பதிவுச் சான்றிதழோடு, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளமான இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் மாற்றக் கேட்கலாம். நீங்கள் சேர்ந்து வாழ்கிறீர்களா என்று விசாரணை வரும், வீட்டில் சொல்லி வையுங்கள். அவர் வாங்கப்போவது இ-விசா என்றால் இந்த வழியை நம்பாதீர்கள். அதை மாற்ற முடியாது என்று நிபந்தனையிலேயே போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால், சான்றிதழை எடுத்துக்கொண்டு அவர் மணிலா போய், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எக்ஸ்-2 வாங்கி வருவதே சுத்தமான வழி. டிக்கெட் செலவு வலிக்கும்தான். ஆனால் விசா முடிந்தும் தங்கினால், 2025-ம் ஆண்டின் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விழலாம். அவர் உங்கள் வீட்டில் வந்து இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் தகவல் பதிய வேண்டும். சி-ஃபார்ம் என்று பழக்கத்தில் சொல்வது அதைத்தான். ஓட்டலுக்கு மட்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

எக்ஸ்-2-வை வைத்து அவர் வேலைக்குப் போக முடியாது. திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நீடித்தால் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது வந்துவிட்டால் விசாத் தொல்லை இல்லை, வேலைக்கும் போகலாம். ஓட்டு மட்டும் கிடையாது. விவாகரத்து ஆனால் அட்டையும் போகும். இந்தியக் குடியுரிமைக்குப் பொதுவாக ஏழு ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டையும் விட வேண்டும்.

தோட்டம் விஷயத்தில் அப்பாவை இப்போதைக்குப் பொறுக்கச் சொல்லுங்கள். ஓசிஐ வைத்திருப்பவர்கூட விவசாய நிலத்தை வாங்கவோ தானமாகப் பெறவோ முடியாது. வாரிசாக வருவது வேறு கணக்கு. எழுதத்தான் வேண்டும் என்றால் உங்கள் பேரில் எழுதட்டும்.