கியூபெக்காரர் ஏன் 'இல்லை' என்று வாக்களித்தார்கள்?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்த கனடாவின் கியூபெக் மாகாணப் பிரெஞ்சுக்காரரைக் கோழைகள் என்கிறார்களே, சரியா?

உங்களிடம் இதைச் சொன்னவர் பக்கத்து ஆங்கில மாகாணமான ஒன்ராறியோக்காரராகத்தான் இருப்பார். எனக்குச் சொன்னது ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான். ஒரு கலியாண வீட்டில், கையில் வடையோடு, "உங்கட ஊர் ஆக்கள் ஹிட்லரை அடிக்கக்கூடப் போகாத ஆக்களெல்லோ" என்றான். உங்கட ஊர் என்றது கியூபெக்கிலிருக்கும் மொன்றியலை. நான் அப்போது அங்கே வந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் சுட்டது.

நான் வரலாறு படித்தவன் இல்லை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவன். கியூபெக்கைப் பிரிக்கச் சொல்லும் கட்சிக்காரனும் இல்லை. அந்த முத்திரையைக் குத்தவேண்டாம்.

அந்த இல்லத்தில் காலைச் சாப்பாட்டுக்குக் கடைசியாக வரும் கிழவர் ஒருவர் இருந்தார். வகுப்பில் படித்ததைவிட அவரிடம்தான் நான் கூடுதலாகப் பிரெஞ்சு பழகினேன். 1995இல் ஒருநாள் மச்சான் சொன்னதை அவரிடம் கேட்டேன், கொஞ்சம் குறும்பாகத்தான். அவர் கோபிக்கவில்லை. கோப்பியைக் கலக்கியபடியே, தன் அண்ணன் தியெப்பில் செத்தவன் என்றார். 1942 ஆகஸ்டில் பிரான்சின் அந்தக் கரையில் இறங்கி நொறுங்கிப்போன மொன்றியல் படையணியில், தானாகவே பெயர் கொடுத்துச் சேர்ந்தவன். அதே வருடம் ஏப்ரல் 27ஆம் தேதி, கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றிய வாக்கெடுப்பில் தம்பியாரான இவர் 'இல்லை' என்று போட்டிருக்கிறார். எப்படி என்றேன். "அவன் போனான். என்னை அனுப்பப் பார்த்தார்கள்" என்றார். அவ்வளவுதான்.

அது எனக்கு முழுதாக விளங்கியது ஆந்த்ரே லொராந்தோவை வாசித்தபோது. மொன்றியலில் பிறந்த பத்திரிகையாளர், தேசியவாதி, பின்னாளில் 'லு துவுவார்' நாளிதழின் தலைமை ஆசிரியர். 1942இல் 'இல்லை' பிரசாரத்தை நடத்திய அமைப்பின் செயலாளர். இருபது வருடம் கழித்து, 1962இல், அந்த நெருக்கடியைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார்.

விஷயம் இதுதான். கடல் கடந்து யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பமாட்டோம் என்று பிரதமர் மெக்கன்ஸி கிங்கின் ஆட்கள் 1939இல் வாக்குக் கொடுத்தார்கள். கியூபெக்கை நினைத்துக் கொடுத்த வாக்கு அது. ஏனென்றால் முதல் உலகப் போரின்போது 1917இல் கட்டாயச் சட்டம் வந்து, 1918 ஈஸ்டரில் கியூபெக் நகரத்தில் இராணுவம் சுட்டு நாலு பேர் செத்தது யாருக்கும் மறக்கவில்லை. பிறகு 1942இல் அந்த வாக்கிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி கிங் கேட்டார். யாரிடம்? முழுக் கனடாவிடமும். மற்ற மாகாணங்களில் 100க்கு 80 பேரளவில் 'ஆம்', கியூபெக்கில் 100க்கு 70 பேருக்கு மேல் 'இல்லை'. ஒருவருக்குக் கொடுத்த வாக்கை இன்னொருவரிடம் கேட்டு அழித்தார்கள் என்பதுதான் லொராந்தோவின் வழக்கு. சண்டைக்குப் போவதா இல்லையா என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

வாசிக்கும்போது உங்களுக்கு, இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்க தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு செய்து பிறகு கைவிட்ட 1957ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. கீழே வந்து சண்டை பிடிக்காதீர்கள்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. தன் பக்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்த நேரம் நாங்கள் ஜெர்மனியைவிட ஒட்டாவாவை, அதாவது கனடாவின் மத்திய அரசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், சொந்த நாட்டிலேயே ஆக்கிரமிப்புக்குள் இருப்பதுபோல் பலர் உணர்ந்தோம் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். இளமையில் தன் கூட்டத்தார் யூதருக்கு எதிராக மேடையில் பேசியதற்குப் பிற்காலத்தில் வெட்கப்பட்டும் எழுதியிருக்கிறார். நம் ஆட்களில் எத்தனை பேர் இப்படி எழுதியிருக்கிறார்கள்?

2007இல் வன்னியில் என் சொந்தத்தில் ஒரு வீட்டுக்கும் சண்டைக்கு ஆள் கேட்டு வந்தார்கள். அதைப்பற்றி இங்கே மேலே எழுதமாட்டேன். கிழவர் சொன்ன அந்த இரண்டு வசனமும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

'இல்லை' என்றதோடு லொராந்தோ நின்றுவிடவுமில்லை. 1962 ஜனவரியில், இருமொழி விஷயத்தை ஒழுங்காக விசாரியுங்கள் என்று ஆசிரியத் தலையங்கம் எழுதினார். அடுத்த வருடம் பிரதமர் பியர்சன் ஆணைக்குழு அமைத்து, டேவிட்சன் டன்டனோடு இவரையும் இணைத்தலைவராகப் போட்டார். நாடு முழுக்கப் போய் இரு பக்கத்தாரின் திட்டையும் கேட்டார். வேலை முடிய முன்னமே 1968இல் இறந்தார். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டையும் சமமாக்கிய ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் வந்தது.

சரி, மச்சானுக்கு வருகிறேன். ரொறன்ரோச் சொந்தங்கள் கலியாணம், சாமத்தியவீடு என்றால் நாங்கள் 401 நெடுஞ்சாலையில் ஆறு மணித்தியாலம் ஓட்டிக்கொண்டு வரவேண்டும். எங்கள் விசேஷம் என்றால் "அங்க பலகையெல்லாம் பிரெஞ்சிலதானே, வழி தெரியாது" என்பார்கள். என் மகளின் அரங்கேற்றத்துக்கு ஒரு கார்கூட வரவில்லை. முப்பது வருடமாக இதே கதை.

உங்களுக்குப் பிரெஞ்சு வராவிட்டால், லொராந்தோவின் எழுத்துகள் 1973இல் ஆங்கிலத்திலும் தொகுப்பாக வந்தன. நூலகத்தில் கேட்டுப்பாருங்கள். மச்சானுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இன்னும் உறை பிரிக்கவில்லை.